நாதஸ்வரம் வராத கலியாணத்தில் நீ வாசித்தாய்

என் அன்பு மச்சாள் மிரேய்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வெள்ளவத்தையில் இன்றைக்கும் காலையிலிருந்து மழை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க வருகிறது. கேட்டுவிட்டேன், போ.

முதலில் வீட்டுச் சங்கதி. என் பேரன், துஷியின் மகன், நடக்கத் தொடங்கிவிட்டான். உன் செல்லோவை ரவி பூட்டி வைக்கவில்லை. வாசிக்காவிட்டால் மரம் பிளந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாயாம். ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு சிங்களப் பெண், நல்ல பிள்ளை, கிழமைக்கு இரண்டு நாள் வந்து வாசிக்கிறாள். அவள் வில்லை எடுத்ததும் உன் புருஷன் குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டத் தொடங்குகிறான். யாருக்கு அவ்வளவு வெங்காயம்?

பத்திரிகையில் இதை வாசிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் கொஞ்சம் சொல்கிறேன், கோபிக்காதே. நீ பிரான்சின் லியோன் நகரில் ஒரு பேக்கரிக்காரரின் மகள். பாரிஸில் ஒரு பெரிய இசைக்குழுவில் இருபது வருடம் செல்லோ, அதுதான் அந்தப் பெரிய வயலின், வாசித்தாய். அந்த மண்டபத்துக்கு எதிரில் இருந்த உணவகத்தில் என் தம்பி ரவி சமையல்காரன். அவனுடைய மீன்குழம்பா, அவனா, உனக்கு எது முதலில் பிடித்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை.

பிறகு உன் இடக்கைச் சுண்டுவிரல் விறைத்துப் போனது. வைத்தியம் எதுவும் சரிவரவில்லை. குழுவில் உன் இடம் வேறொருவருக்குப் போனது. நீங்கள் இருவரும் கொழும்புக்கு வந்தபோது செல்லோப் பெட்டியும் கூட வந்தது. அலுமாரிக்குப் பின்னால் மூன்று வருடம் அது நின்றது. அதைப் பற்றிக் கேட்டால் நீ தேத்தண்ணி போடப் போய்விடுவாய்.

என் மகள் துஷியின் கலியாணத்தன்று கொட்டிய மழையில் வத்தளைப் பக்கம் றோட்டெல்லாம் வெள்ளம். நாதஸ்வரக்காரர் அங்கேயே மாட்டிக்கொண்டார். கொட்டாஞ்சேனையிலிருந்து தவில்காரர் குகன் மட்டும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். சுபநேரத்துக்கு இன்னும் அரைமணித்தியாலம்தான். போனில் பாட்டுப் போடுவம் என்று சம்பந்தி வீட்டார் சொல்ல, எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் நீ பட்டுச்சேலையில் எனக்குப் பக்கத்தில் நின்றாய்.

"மச்சாள், நீ வாசியன்" என்றேன்.

"ஏலாது. இந்த விரல் செத்துப்போச்சு."

"மத்த ஒன்பதும் இருக்குத்தானே?"

நீ என்னைப் பார்த்த பார்வை! பயமா கோபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுத் திறப்பைக் கைப்பையிலிருந்து எடுத்து ரவியிடம் நீட்டினாய். அவன் ஓட்டோவில் பறந்து போய்ப் பெட்டியோடு வந்தான்.

தளர்ந்து கிடந்த தந்திகளை நீ ஒவ்வொன்றாக முறுக்கினாய். குகன் குனிந்து, "அக்கா, நீங்கள் இழுத்துக்கொண்டே போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். உங்கள் ஊர்க் கலியாணங்களில் வாசிக்கும் ஒரு மெட்டைச் சுண்டுவிரல் இல்லாமல் மெதுவாகத் தொடங்கினாய். மண்டபம் அடங்கிப்போனது. "இது என்ன ராகம்?" என்று பெரியப்பா கேட்க, "பிரெஞ்சு ராகம்" என்றார் குகன். கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது.

"நான் பிழை விட்டனானோ?" என்று நீ கேட்டாய்.

"ரெண்டு இடத்தில விட்டனீங்கள்" என்றார் குகன். "நானும் விட்டனான். பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுது."

நீ சிரித்த சிரிப்பில் கண்மை கரைந்து கன்னத்தில் ஓடியது.

அதற்குப் பிறகு பெட்டி அலுமாரிக்குப் பின்னால் போகவில்லை. பழைய பாடங்களையெல்லாம் சுண்டுவிரல் இல்லாமல் வாசிக்க ஒரு பிள்ளையைப்போலத் திரும்பப் படித்தாய். ஞாயிறு மத்தியானங்களில் குகன் தவிலோடு வந்துவிடுவார். கீழ்வீட்டு அன்ரி முதலில் சண்டைக்கு வந்தாள், பிறகு வடையோடு வந்தாள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எத்தனை மேடை ஏறினீர்கள்! கடைசியில் லியோனிலிருந்தே உங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

அந்தப் பயணத்துக்கு நீ எவ்வளவு பயந்தாய் என்று எனக்குத்தான் தெரியும். பழைய குழுவில் உனக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தவளும் வரப்போகிறாள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் அங்கிருந்து போன் எடுத்தாய்.

"மச்சாள், அவள் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவள். ஒருத்தரும் விரலைப் பாக்கேல்ல!"

களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களிலும் நர்ஸ்மாருக்கு அந்தக் கதையைத்தான் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் சொல்லிச் சிரிக்க வைத்தாய். மூச்சு வாங்கியது. கதையை நிறுத்தவில்லை.

வருகிற ஞாயிறு கொட்டாஞ்சேனையில் குகனும், உன் செல்லோவில் அந்தச் சிங்களப் பிள்ளையும் உன் நினைவாக வாசிக்கிறார்கள். "அக்கா, இது நினைவு நிகழ்ச்சி, ஒருத்தரும் கைதட்ட வேண்டாம் எண்டு முதலே சொல்லப்போறம்" என்று குகன் நேற்று வந்து சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஆனால் உனக்கு வாக்குத் தருகிறேன். முதல் வரிசையில் இருந்து, கை நோகும்வரை நான் தட்டுவேன்.

இப்படிக்கு,
உன் புருஷனுக்கு அக்கா, உனக்கு என்றைக்கும் மச்சாள்,
சாந்தி