மஸ்கட் போய்வந்த கேசட்

நைனா, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் தப்பையும் மறைக்க மாட்டேன்.

நேற்று மஸ்கட்டிலிருந்து உன் பெட்டி வந்தது. திறந்ததும் நீ போடும் சோப்பின் வாசனை. சட்டைகளுக்கு நடுவே நம் கேசட். எனக்கு அழுகை வரவில்லை. சட்டைகளை மறுபடி மடித்து வைத்தேன்.

நமக்குள் அந்த ஒரே கேசட்தான் போய்வந்தது. நீ பேசி அனுப்புவாய். கேட்டு முடித்ததும் அதன் மேலேயே நாங்கள் பேசி, நாகலாபுரத்திலிருந்து யார் மஸ்கட் போனாலும் கொடுத்துவிடுவோம். பள்ளிக்கூட நூலகப் புத்தகத்தில் இதைப் போலவே ஒன்று படித்திருந்தேன். அந்தக் காலத்தில் மெழுகு உருளையில் குரலைப் பதிவார்களாம். மைக் கிடையாது. அகன்ற குழலுக்குள் பேசினால் ஓர் ஊசி அதிர்ந்து மெழுகில் கோடு கீறும். மெல்லிய குரல் சரியாகப் பதியாது. உரத்த குரல் கிட்டே வந்தால் கரகரக்கும். மறுபடி பதிய வேண்டுமென்றால் மெழுகைச் சீவிவிட வேண்டும்.

கடைசித் தடவை நானும் அப்படியே எல்லாரையும் குரலுக்குத் தக்க தூரத்தில் நிறுத்தினேன். அத்தையை வாசலுக்கு அனுப்பினேன்.

"ஏன்டி, நான் இன்னா மாடா, வெளிய கட்டற?"

"உன் தொண்டைக்கு அதுவே கிட்ட, அத்தை."

அம்மாவை டேப்பை ஒட்டி உட்காரவைத்தேன். "இரு, அவரு பேசனத இன்னொரு தபா கேட்டுக்கினு அப்பால அழி" என்றாள். "பஸ் வந்துடும்மா, மஸ்கட் போறவங்க கெளம்பிடுவாங்க" என்று சொல்லிச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன். நாங்கள் பேசி முடித்து அவள் முறை வந்தபோது, "துன்னாரானு நீயே கேளு" என்று எழுந்து போய்விட்டாள். கேசட்டில் அவளுக்கென்று விட்டிருந்த இடம் அப்படியே மீந்தது. டேப்பை நிறுத்தினேன்.

நீ பதில் பேசுவதற்குள் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து போய்விட்டாய்.

இன்று காலை கேசட்டைப் போட்டேன். என் குரல் வந்தது. தூரத்தில் அத்தை. "அவரு பேசனது ஒண்ணுமே இல்லியா?" என்று அம்மா கேட்டாள். நான் கேசட்டை ஓடவிட்டேன். "துன்னாரானு நீயே கேளு" என்று அவள் குரலே வந்தது. டக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு நீ. அம்மா பேசாமல் விட்ட இடத்தில் அழியாமல் இருந்தாய்.

"...ரூம்ல எல்லாரும் படுக்கணுங்கறானுங்க. பாப்பாவ நல்லா படிக்கச் சொல்லு. தோ, லைட்ட நிறுத்திட்டானுங்க."

அம்மா "ம்" என்றாள், உனக்குப் பதில் சொல்வது போல.

கேசட்டின் விளிம்பிலிருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டைக் கத்தியால் உடைத்தெடுத்தேன். இனி அதன் மேல் யாரும் பதிய முடியாது. உன் குரலில் என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: ரூமில் எல்லாரும் படுக்க வேண்டும், நான் நன்றாகப் படிக்க வேண்டும், லைட்டை நிறுத்திவிட்டார்கள்.