டெஸ்ட் சொல்லாத விஷயம்

மார்ச் 3

அன்புள்ள லிப்ட்காரருக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் கல்யாணத்துக்கு ஏப்ரல் இருபதாம் தேதி என்று பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று என்று சொன்னீர்கள். கடையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "நாப்பத்திரண்டு வயசுல மாப்பிள்ளை பார்த்திருக்கே, கண்ணாடி போட்டுத்தானே பார்த்தே?" என்று முதலாளி கிண்டல் செய்தார்.

அதற்குள் உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் என்றால் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். எனக்கு ஹெர்பீஸ் இருக்கிறது, அதில் இரண்டாம் வகை. பிறப்புறுப்பில் கொப்புளமாக வரும், ஆறும், மறுபடி வரும். உயிருக்கு ஆபத்தில்லை. அடியோடு போகவும் போகாது. ஆறு வருடங்களுக்கு முன்பு, என் முதல் கல்யாணத்தின் கடைசி மாதங்களில் தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எங்க போய் வாங்கிட்டு வந்தே?" என்று கேட்டார் என் கணவர். நான் எங்கும் போகவில்லை. விவாகரத்தில் முடிந்தது.

இதை எழுதுவது பெரும் பாடாக இருக்கும் என்று நினைத்தேன். சொத்தைப் பல்லைப் பற்றி எழுதுவதுபோல்தான் இருக்கிறது. என்னிடமிருந்து உங்களுக்கும் வரக்கூடும். யோசித்துப் பதில் போடுங்கள்.

உங்கள்
கண்ணாடிக்கடைக்காரி

மார்ச் 21

அன்புள்ள கண்ணாடிக்கடைக்காரிக்கு,

இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை. வேலைக்குப் போனேன், வந்தேன். ஒன்றை மறைக்கக் கூடாது. உங்கள் கடிதம் வந்த அன்று, போன மாதம் நீங்கள் தண்ணீர் குடித்த டம்ளரைத் தேடி எடுத்து வெந்நீரில் கழுவினேன். கழுவி முடித்ததும் வெட்கமாகிவிட்டது.

லிப்ட் கதவு சரியாக மூடாவிட்டால் வண்டி நகராது. இதிலும் அப்படி ஏதாவது உண்டா? கொப்புளம் இல்லாத நாட்களில் பயமில்லை என்று வைத்துக்கொள்ளலாமா? நேராகக் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லிப்ட்காரன்

மார்ச் 26

அன்புள்ள லிப்ட்காரருக்கு,

டம்ளரைக் கழுவியதை எழுதினீர்களே, அது போதும் எனக்கு.

டம்ளரில் வராது, துண்டில் வராது, கழிப்பறையில் வராது. தோலோடு தோல் உரசித்தான் வரும். கொப்புளம் இருக்கும்போதும், அதற்கு முன்னால் சுரீர் சுரீரென்று குத்தும்போதும் நெருங்கவே கூடாது. ஒன்றும் இல்லாத நாளிலும் சில சமயம் தொற்றலாம். நீங்கள் கேட்ட கதவு இதில் இல்லை. நான் தினம் மாத்திரை சாப்பிட்டால் ஆபத்து குறையும், ஆணுறையும் சேர்ந்தால் இன்னும் குறையும். வரவே வராது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு டாக்டரைப் பாருங்கள்.

உங்கள்
கண்ணாடிக்கடைக்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

டாக்டரம்மாவைப் பார்த்தேன். தொந்தரவு இல்லாதவர்களுக்கு ரத்தப் பரிசோதனை தேவைப்படாது என்றார். நான்தான் பிடிவாதமாகக் கேட்டு எடுக்க வைத்தேன். முடிவு சந்தேகமாக இருக்கிறது என்று மறுபடியும் எடுத்தார்கள். எனக்கும் இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் அதே வகை.

"எப்ப வந்ததுங்க?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமாக்கூட இருக்கலாம், சார். நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. யார்கிட்டேருந்து வந்துச்சுன்னும் இந்த டெஸ்ட் சொல்லாது."

என் முதல் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு ஒருத்தியோடு சில நாள் பழக்கம் இருந்தது. என் மனைவிக்கு என்னைத் தவிர யாரையும் தெரியாது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை, "உடம்பு சூடுங்க, உட்காரவே முடியல" என்பாள். "தண்ணி நிறையக் குடி" என்று சொல்லிவிட்டு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். பதினோரு வருடம் இப்படித்தான். அவளைக் கொண்டுபோனது வேறு நோய். ஆனாலும் அது சூடுதானா, என்னிடமிருந்து போனதா என்று இனி யாரிடம் கேட்பது?

எனக்கு அழுகை வரவில்லை. ஆறாவது மாடியில் ஒரு லிப்ட் நின்றுபோயிருந்தது, போய்ச் சரிசெய்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வகைன்னா ஒருத்தருக்கொருத்தர் பயப்பட வேண்டியதில்ல, சார்" என்றார் டாக்டரம்மா. நல்லதாகத்தான் சொன்னார். இருபதாம் தேதி நான் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

லிப்ட்காரன்

ஏப்ரல் 13

அன்புள்ள லிப்ட்காரருக்கு,

உங்களுக்கும் இருக்கிறது என்று படித்ததும் ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துவிட்டு ஆறுதல் எழுத மனம் வரவில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்களுக்குத் தெரியாது. உங்கள் மனைவிக்கும் தெரியாது. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது என் பழைய கணவர் ஞாபகம் வந்தது. "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாரே, அவர் பொய் சொல்லாமலும் இருந்திருக்கலாம். ஆறு வருடமாகக் கட்டிக் காத்த கோபம். இப்போது அது இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கடையில் நாள் முழுக்க லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே வியாதி என்பதற்காக மட்டும் நாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டாம். வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

கண்ணாடிக்கடைக்காரி

ஏப்ரல் 17

அன்புள்ள உங்களுக்கு,

இருபதாம் தேதியை ரத்து செய்துவிட்டேன். அங்கே இருந்த எழுத்தர், "வேற தேதி போடட்டுமா?" என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வருகிறேன். கல்யாணப் பேச்சுக்காக இல்லை. என் மனைவியைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும். காது கொடுத்துக் கேட்க உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. உங்களுக்கு முடியாது என்றால், கதவைத் திறக்க வேண்டாம். புரிந்துகொள்வேன்.

லிப்ட்காரன்