தேன் என் வீட்டில் இருக்கிறது

மாத்தளை
9.3.1966

அன்பு மகள் றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் முழங்கால் வலி நீங்கலாக இங்கே அனைவரும் நலம். சிங்கப்பூரில் நீயும் மருமகனும், வயிற்றிலுள்ள பிள்ளையும் நலமாயிருக்க அல்லாஹ் அருள்வானாக.

பிரசவத்துக்காக அடுத்த கப்பலில் வருகிறாய் என்று வாசித்து மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி கடிதத்தின் கடைசி வரி வரைக்கும் நீடிக்க நீ விடவில்லை. பிள்ளையின் நாவில் முதல் தேனை ஸைனம்பு சாச்சிதான் தொட்டு வைக்க வேண்டும், அவர் கையில் பரக்கத் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் வாப்பாவின் தம்பி மனைவி என்ற மரியாதையில் நான் குறை வைத்ததில்லை. ஆயினும் பரக்கத் என்பது அல்லாஹ் தரும் அருள். அது ஒருத்தியின் விரல்நுனியில் குடியிருப்பதாக எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை. நீ புறப்படுமுன் நம் வீட்டு மௌலூது விருந்தில் எதிர்பாராத கூட்டம் வந்தும் சோறு மிஞ்சியதே, அதைத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறாய்? அவள் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சோற்றுக் கிடாரத்தில் கை வைத்ததை ஊரே பார்த்தது. அதற்கு முன் நான் இரண்டு கொத்து அரிசி கூடுதலாகப் போட்டதை அடுப்பு மட்டுமே பார்த்தது. பல்கலைக்கழகம் போய் வந்தவள் என்று என்னிடம் அரசாங்கக் கந்தோருக்கு விண்ணப்பம் எழுதக் கேட்டு வருவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தண்ணீர்ப் போத்தலோடு அவளிடம் ஓதி வாங்கப் போவார்கள். இப்போது நீயும் அந்த வரிசையில் போய் நிற்கிறாய்.

இருந்தாலும் நீ கேட்டுவிட்டாய். வியாழக்கிழமை பஸ் ஏறிப் பல்லேபொலைக்குப் போய் அவளிடம் சொன்னேன். பெற்றவள் நீங்கள் இருக்க நான் எதற்கு என்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அதுக்கென்ன ராத்தா, வலி கண்டோடனே ஆள் அனுப்புங்க, ஓடி வாறேன். தேனையும் நானே ஓதிக் கொண்டு வாறேன், நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க" என்றாள். தேன் என் வீட்டில் இருக்கிறது என்றேன். அப்போது இருக்கவில்லை. மறுநாளே உன் நானா ஜுனைதீனை லக்கலைக்கு அனுப்பிக் காட்டுத்தேன் வாங்குவித்தேன். யானைக்குப் பயந்து மரத்தடியில் ஒதுங்கி நின்றதாக மகன் திரும்பி வந்து முறையிட்டான். போத்தல் உடையவில்லையே என்று மட்டும் கேட்டேன். இப்போது ஒவ்வொரு நாளும் விடியலில் சுபஹு தொழுது, யாஸீன் ஓதி, அந்தத் தேனில் ஊதி மூடி வைக்கிறேன். விரல் அவளுடையதாகவே இருக்கட்டும். நீ அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

கப்பலில் படிகளைப் பிடித்து இறங்கு. வெறும் வயிற்றோடு படுக்காதே. அங்கிருந்து தேன் ஏதும் வாங்கி வராதே. உனக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக; இதைக் கேட்க எனக்கு எவருடைய கையும் தேவையில்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா
ஹமீமா