எப்பவும் இங்கதான்

4 மார்ச் 2025, செவ்வாய்

வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இதே சிலிபினில் வேறு இரண்டு வீடு பார்த்தேன். "தனியாளா?" என்று கேட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசினார்கள். ஆமாம், தனியாள்தான். கடிக்கவா போகிறேன்?

6 மார்ச், வியாழன்

குடும்பக் கணக்கெடுப்புக்குச் செமோர் போனேன். ரப்பர் தோட்டத்தை விற்றபின் அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் தவிர முதல் மாடி முடிந்தது. வீட்டுக்கு வீடு தேத்தண்ணி, வயிறு முட்டிவிட்டது.

வயதுதான் தகராறு. பாதிப் பேருக்கு ஐம்பது, மீதிப் பேருக்கு அறுபது. நடுவில் ஒருவரும் பிறக்கவில்லையா? வீரம்மா அக்காவும் அறுபது என்றார். அதே மாடி அப்பாவு அண்ணன் எட்டிப்பார்த்து, மூன்று வருடமாக அக்காவுக்கு அறுபதுதான் என்றார். அடையாள அட்டையில் அறுபத்து மூன்று. அக்கா அவரை முறைத்த முறைப்பு!

7 மார்ச், வெள்ளி

மேலதிகாரி ஷர்மினி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்து வருடத்துக்கு முன் எங்கே குடியிருந்தீர்கள் என்ற கேள்விக்கு அந்த மாடியே 'இங்கேதான்' என்று சொல்லியிருக்கிறது. கட்டடத்துக்கே மூன்று வயதுதான்! காப்பிக் கடையில் உட்கார்ந்து நானே நிரப்பினேனா என்று கேட்டார். அவர் மேல் கோபம். அதைவிட என் மேல் — எப்படிடி கவனிக்காம விட்டே?

8 மார்ச், சனி

மறுபடி போனேன். வீரம்மா அக்காவுக்கு என்னைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது.

"நாங்க எங்கம்மா வீடு மாறி பிண்டா ஆனோம்? தோட்டத்து லயத்து வீட்டுல எனக்குப் பக்கத்துல சன்னாசி, அவருக்கு அடுத்து அப்பாவு. இங்கயும் அப்படித்தானே லா."

குலுக்கலில் ஆளுக்கொரு மூலையில் வீடு விழுந்ததாம். சாவி கிடைத்த அன்றே கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டார்களாம், லயத்து வரிசை கலையாமல். பிறகு எப்படி மாறியதாக நினைப்பார்கள்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்தக் கட்டடம் வருமுன் எந்தக் கூரைக்குக் கீழே தூங்கினீர்கள் என்று கேட்டேன். அதுவா, லயத்தில் என்றார்கள். மாலைக்குள் எல்லாம் சரியாகிவிட்டது.

கிளம்பும்போது அக்கா என்னைக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பத்து காஜா, கோலா கங்சார், புந்தோங், சிலிபின் என்று குடியிருந்த ஊர்களை அடுக்கினேன். பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற மாதிரி இருக்கிறதே என்றார். வயது? நாற்பது என்றேன். நாற்பத்து மூணுடி உனக்கு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஊராரையெல்லாம் திருத்திய வாய்.

அடுத்து எங்கே என்று கேட்டார். அறையைக் காலி பண்ண வேண்டியதைச் சொன்னேன். தெரியாது அக்கா என்றேன்.

15 மார்ச், சனி

அக்கா போன் செய்தார். பூட்டிக் கிடந்தது சன்னாசி அண்ணன் வீடுதானாம். அவர் மகளோடு இருக்கப் போய்விட்டார், சாவி அக்காவிடம். எத்தனையோ பேர் வாடகைக்குக் கேட்டும் அக்கா மசியவில்லை.

"அண்ணன்கிட்ட பேசிட்டேன். நடுவுல ஓட்டையா கிடக்கு, வாரியா?"

வாரேன்னு சொல்றதுக்குள்ள அழுதுட்டேன்.

30 மார்ச், ஞாயிறு

மாறியாச்சு. அலமாரியை எங்கே வைப்பது என்று அக்காவும் அப்பாவு அண்ணனும் சண்டை. என்னை யாரும் கேட்கவில்லை.

7 மார்ச் 2026, சனி

கணக்கெடுப்பு மறுபடி. இந்த முறை நான் பதில் சொல்லும் பக்கம். கேட்க வந்தவன் தீபன், புதிதாகச் சேர்ந்தவன்.

வயது நாற்பத்து நான்கு என்றேன். போன வருடம் நாற்பது என்றாயே என்று வாசலில் நின்ற அக்கா பிடித்துக்கொண்டார். மாட்டிக்கொண்டேன்.

ஒரு வருடத்துக்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்? நான் வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்:

"இவளா? இவ எப்பவும் இங்கதான் லா."

அப்பாவு அண்ணனும் ஆமாம் போட்டார். ஆனாலும் கணக்கு கணக்குதான். சிலிபின் என்று திருத்தினேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது.

கடைசிக் கேள்வி: அடுத்த ஒரு வருடத்தில் வீடு மாறும் எண்ணம் உண்டா?

இந்தப் பதிலை இருவரும் எனக்கே விட்டுவிட்டார்கள். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இல்லை என்றேன்.

அக்கா நேராக என் அடுப்படிக்குள் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்கினார். சீனி எங்கே என்று கேட்கவே இல்லை.