உயர்த்தி அடித்த பலகை

புரட்டாசி, வியாழன் இரவு.

வாசலுக்கு மேலே தாழ இறங்கும் கூரை எறவாணத்தில் உளுத்துப்போன பலகையை இன்று மாற்றியாயிற்று. நான் அடுப்படியில் இருந்தபோது ஆசாரி சட்டங்களின் நுனியை அறுத்து, புதுப்பலகையை ஒரு சாண் உயர்த்தி அடித்துவிட்டார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அண்ணன் தெனமும் தலய இடிச்சிக்கினு இருந்தாரே. இனிமே குனியவே வாணாம்மா."

நல்ல மனசோடு செய்தவரை எப்படித் திட்டுவது?

இடஒதுக்கீட்டு மறியலில் ரோட்டில் மரம் வெட்டிப் போட்டதற்காக என் வீட்டுக்காரரைப் போலீஸ் தேடுகிறது. வெள்ளிமலைப் பக்கம் ஒளியப் போனவர் இன்னும் திரும்பவில்லை. வந்தால் இருட்டில்தான் வருவார். கதவைத் தட்டினால் தெருவே விழித்துக்கொள்ளும், தட்டமாட்டார். ஆனால் வழக்கம்போல அந்தப் பலகையில் தலையை இடித்துக்கொள்வார். அந்தச் சத்தத்துக்குத்தான் இத்தனை நாளும் அரைத்தூக்கத்தில் கிடந்தேன்.

இனி எதைக் கேட்டு எழுந்திருப்பேன்?

தாழ் போடாமல் படுக்கிறேன்.