சித்தப்பா போட்ட ஓட்டு

ஐப்பசி 12, செவ்வாய்.

வீட்டு வரி கட்டுவது சித்தி. ரசீதில் இருப்பதோ மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன சித்தப்பாவின் பெயர். ரசீதில் பெயர் உள்ளவருக்குத்தான் முனிசிபாலிட்டி ஓட்டு; பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது. போன மாதம் முனிசிபாலிட்டி குமாஸ்தா ஓட்டர் பட்டியலோடு வந்து, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்றார்.

"ஆத்துக்குப் போனாக, இன்னும் திரும்பல" என்றேன். பொய்யில்லை, சுடுகாடு அங்கேதான். குமாஸ்தா சித்தப்பா பெயரை அடிக்காமல் போய்விட்டார்.

இன்று எவனோ சித்தப்பா பெயரைச் சொல்லி மரக்கடை அண்ணாச்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டான். பெண்கள் படித்துறையை அடைத்து மரம் அடுக்கப்போகிறவர் அவர். ஜெயித்தும்விட்டார். செத்தவர் வந்து ஓட்டுப் போட்டதைப் பக்கத்து வீட்டு மாமா சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சித்தி சிரிக்கவில்லை. "இருக்கையிலயும் நான் சொன்னதைக் கேட்கல. இப்பவும் கேட்கலயே" என்றாள்.

என் குறும்பு அவளுக்குத் தெரியாது. விடிந்ததும் படித்துறைக்கு என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவாள்.