உன் கணவர் பேரில் நான் எழுதிய நான்கு வரிகள்

என் சுகந்தி,

நீ போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. முப்பத்தோராம் நாள் முடிந்தது, முதல் வருஷத்து ஆட்டைத் திவசமும் முடிந்தது. எல்லோரும் அழுது, சாப்பிட்டு, வீடு போய்ச் சேர்ந்த பிறகு நான் இப்போதுதான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிந்துவது எனக்குப் புதிதா? பல்கலைக்கழகத்தில் என் ஒப்படைகளைக் கடைசி நிமிஷத்தில் கையிலிருந்து பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்தவள் நீதானே.

பகல் பதினொரு மணி. மகன் நித்திரை. உனக்கு அவனைத் தெரியாது. நீ போனபோது அவன் வயிற்றில் இருந்தது எனக்கே தெரியாது. எட்டு மாதம் ஆகிறது. பட்டப்பகலிலும் நுளம்பு வலைக்குள்தான் படுக்க வைக்கிறேன். இவர் வவுனியாவில் இருந்து போன் எடுத்து, "பிள்ளையைக் கொஞ்சம் வெளியாலை கொண்டுபோம், காத்துப் படட்டும்" என்கிறார். அவருக்கென்ன, சனி ஞாயிறு மட்டும் வந்து போகிறவர். உன்னை ஒரு காய்ச்சல் ஆறு நாளில் கொண்டுபோனதற்குப் பிறகு காதில் இரையும் எந்த நுளம்பையும் என்னால் சும்மா நுளம்பாகப் பார்க்க முடியவில்லை. இடைக்கிடை எழும்பிப் போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். ஆகையால் இந்தக் கடிதம் துண்டு துண்டாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நான் உனக்கு ஒரு பிழை செய்துவிட்டேன். பிழைதானா என்றும் தெரியவில்லை. அதைத்தான் கேட்க வந்தேன்.

நீ போய்ப் பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, உன் கணவர் கேதீஸ் அண்ணை உடுப்பிட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே வாசல் படலையில் நின்றார். "முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேணும். நீர்தான் எழுதித் தர வேணும். அவ உம்மைப் பற்றித்தான் எப்பவும் கதைக்கிறவ" என்றார்.

உனக்குத் தெரியும், நாங்கள் மிஷன் பள்ளிக்கூட வழிவந்த வேதக்காரர். எங்களில் ஒருவர் போனால் நினைவு ஆராதனைக்கு ஒரு தாள் அடிப்போம், அதில் ஞானப்பாட்டு இருக்கும், அவ்வளவுதான். உங்களுடைய முப்பத்தோராம் நாள் புத்தகத்தில் கணவன் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், சகோதரர் புலம்பல், மைத்துனர் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் பாட்டு இருப்பதை நான் கண்டிருக்கிறேனே தவிர, எழுதியதில்லை. தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தவள் என்ற துணிவில் "ஓம், எழுதித் தாறன்" என்றேன்.

அச்சகத்து ஐயா என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "பிள்ளை, ஏன் வில்லங்கப்படுறீர்? கணவன் புலம்பல் எங்களிட்டை நாலு விதம் கிடக்கு. பேரை மாத்தினாச் சரி" என்றார். ஒன்றை எடுத்தும் காட்டினார். அன்பே, ஆருயிரே, குலவிளக்கே, எனக்கினி யார் துணை. நெல்லியடியில் அரைவாசி மனைவிமார் அந்தப் பாட்டோடுதான் போயிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. சுகந்திக்கு இது போதாது என்று நினைத்தேன். உண்மையான ஒரு சம்பவமாவது உள்ளே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கேதீஸ் அண்ணையிடம் கேட்டேன், உங்கள் இரண்டு பேருக்கும் இடையில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று. "நல்லாச் சமைப்பா" என்றார். பிறகு, "கோவம் வந்தால் கதைக்கமாட்டா" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வருஷம் ஒரு வீட்டில் இருந்த மனிதர்.

அப்போதுதான் நான் அதைச் செய்தேன். உன் பஸ் கதையை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன்.

நீ மறந்திருக்க மாட்டாய். பருத்தித்துறையில் ஏறுகிற ஒரு பெடியன். நீ நெல்லியடியில் ஏறும் வரை ஜன்னல் ஓரத்து சீற்றில் இருப்பான், உன்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் எழுந்து நிற்பான். நீ அதில் இருப்பாய். யாழ்ப்பாணம் வரை அவன் நின்றுகொண்டே வருவான். இரண்டு வருஷம். ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பரீட்சை முடிந்த பிறகு அவனைக் காணவில்லை. வெளிநாடு போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள். நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அது காதலா இல்லையா என்று எத்தனை நாள் சண்டை பிடித்தோம்! வாய் திறந்து சொல்லாதது காதலே இல்லை என்று நான். "எடி, அகப்பாட்டிலை ஏன் பேர் சொல்லக்கூடாதெண்டு வைச்சவை? பேர் வந்தால் அது செய்தி. பேர் இல்லாட்டித்தான் பாட்டு" என்று நீ. விரிவுரையில் சொல்லாததையெல்லாம் நீ இப்படித்தான் சொல்லுவாய். பிறகு, "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்பாய்.

நான் சொல்லவில்லை. அச்சடித்தேன்.

நீயேறும் தரிப்புவரை நினக்காக இடம்பிடித்தேன்
வாயார ஒருவார்த்தை வழிநெடுக உரையாமல்
நாடோறும் எழுந்துநின்று நானுனக்குத் தந்தஇடம்
ஏடியதை விட்டெழுந்து எங்கேநீ போனாயோ

அச்சகத்து ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கல்வெட்டுக்குள்ளை பஸ் வராது பிள்ளை. அதோடை 'ஏடி' எண்டு வேறை கிடக்கு, சம்பந்தி வீட்டார் குறை சொல்லுவினம்." நான் மாற்றமாட்டேன் என்று நின்றேன். இலக்கியம் படித்தவளின் திமிர் அது, வேறொன்றும் இல்லை. யாரும் வாசிக்கமாட்டார்கள் என்றும் நம்பினேன். கல்வெட்டை வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அடுத்த பக்கத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதானே.

இரண்டு பேர் வாசித்தார்கள். ஒருவர் உன் கணவர். மற்றது உன் மகள்.

ஆட்டைத் திவசத்தன்று நான் குசினியில் நின்றேன். விறாந்தையில் கேதீஸ் அண்ணையின் குரல் கேட்டது. யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த நாளிலை அவவுக்கு பஸ்ஸிலை நான்தான் இடம் பிடிச்சு வைக்கிறனான்." கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுடையது பேச்சுக் கல்யாணம். நீ பட்டம் முடித்த பிறகுதான் அவர் உன்னை முதன்முதல் பார்த்தார். இந்த மனிதர் பொய் சொல்கிறாரா? அல்லது வாசித்து வாசித்து, தான் செய்ததாகவே நம்பிவிட்டாரா? மனிசர் அப்படி நம்புவார்களா, சுகந்தி? நான்கு வருஷம் காதலையும் பிரிவையும் திணை திணையாகப் பிரித்துப் படித்தோம். இதற்கு எங்கே இடம் என்று எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை உன் மதுரா வந்தாள். ஒன்பது வயதாகப் போகிறது. உன்னைப் போலவே பென்சிலைக் காதில் செருகுகிறாள். சித்திரப் பாடத்துக்கு ஒரு படம் கீறிக்கொண்டு வந்தாள். பஸ் ஒன்று, ஜன்னலோரம் நீ, பக்கத்தில் நின்றபடி மீசை வைத்த ஒருவர்.

"சின்னம்மா, சிவப்பு பஸ்ஸோ, மினி பஸ்ஸோ? அப்பா ஒருநாள் சிவப்பு எண்டார், நேற்று மினி பஸ் எண்டார். நான் என்ன கலர் அடிக்கிறது?"

"சிவப்பு" என்றேன். யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது.

அவள் பென்சிலை எடுத்தாள். அடிக்கவில்லை. "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அப்பாவுக்கே தெரியேல்லை."

பிள்ளை முழித்துவிட்டான் என்று அறைக்குள் போனேன். அவன் முழிக்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் அதே இடத்தில் இருந்தாள்.

"பெரியப்பா சொன்னவர், அப்பா அந்த நாளிலையிருந்து மோட்டச்சைக்கிள்தானாம். அப்பா பொய் சொல்லுறாரோ, சின்னம்மா?"

தாய் இல்லாத பிள்ளைக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு மனிதர். அவருடைய சொல்லையும் நம்பமுடியாமல் போனால் அவள் யாரிடம் போவாள்? அதுவும் என்னால். என் நான்கு வரியால். "நான் கேட்டுச் சொல்லுறன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிய, மகனையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் கரவெட்டிக்குப் போனேன். மதுரா பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். கேதீஸ் அண்ணை தேத்தண்ணி போட்டுத் தந்தார். சீனி அதிகம். நான் சுற்றி வளைக்காமல், "அண்ணை, அது நீங்கள் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன்.

"தெரியாமல் என்ன? எனக்கென்ன விசரே?" சிரித்தார். "அவ சொன்னவ. கலியாணம் முடிஞ்சு முதல் மாசமே சொன்னவ. நான் பகிடி பண்ணினனான். உதொரு காதலோ, சும்மா ஒரு சீற் எண்டு. பிறகு அவ ஒண்டும் சொல்லேல்லை."

அவருக்குச் சொன்னாயா? என்னிடம் ஒருத்தருக்கும் சொல்லாதே என்றுவிட்டு, நீயே போய் அவருக்குச் சொன்னாயா? ஏன் சொன்னாய்? அவரும் ஒருநாள் உனக்காக எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தாயா?

"அப்ப ஏன் அண்ணை பிள்ளைக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

என் மகனின் காலைப் பிடித்து ஆட்டினார். "என்ரை பேரிலை நீர் அச்சடிச்சுத் தந்திட்டீர். பிள்ளை வாசிச்சுப்போட்டு வந்து கேட்டவள், 'அப்பா, இது நீங்களே?' எண்டு. இல்லை எண்டு சொல்லலாம். சொன்னால் அடுத்தது என்ன கேட்பாள்? 'அப்ப நீங்கள் அம்மாவுக்கு என்ன செய்தனீங்கள்?' அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை, வதனி."

பிழை முழுக்க என்னுடையது, நானே பிள்ளைக்குச் சொல்கிறேன் என்றேன். "இல்லை, நில்லும்" என்று அவரே வாசலுக்குப் போய் மதுராவைக் கூப்பிட்டார். அவள் வந்ததும், முன்னுரை ஒன்றும் இல்லாமல், "பிள்ளை, பஸ்ஸிலை இடம் பிடிச்சது நான் இல்லை. அம்மா கம்பசுக்குப் போகேக்கை வேறை ஆரோ ஒரு பெடியன். அப்பா சும்மா சொன்னனான்" என்றார்.

"அந்தப் பாட்டை எழுதினது நான், மதுரா. அப்பா இல்லை" என்றேன் நான்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் பயந்த கேள்வி வந்தது. "அப்ப நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து ரெண்டாம் நாள், எழும்பிக் கஞ்சி காய்ச்சப் போனவ. போய்ப் படும் எண்டு சொல்லியிருக்க வேணும். நான் சொல்லேல்லை. வேலைக்கு நேரம் போயிட்டுதெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"கஞ்சி எனக்குத்தான் காய்ச்சினவ" என்றாள் மதுரா. "நான் பாண் வேண்டாம் எண்டனான். அதுக்கு உப்பு இல்லை. நான் துப்பிப்போட்டன்."

"எனக்கும் தந்தவ."

"உப்பில்லை எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை."

"குடிச்சனீங்களோ?"

"குடிச்சனான்."

"குடிச்சனீங்கள்தானே" என்றாள். பிறகு என் மகனைத் தூக்கக் கையை நீட்டினாள்.

அது மன்னிப்பா, ஆறுதலா, அல்லது தான் துப்பியதை நினைத்துச் சொன்னதா? அன்று முழுக்க யோசித்தேன், இன்றும் யோசிக்கிறேன். உப்பில்லாத கஞ்சியை ஒன்றும் சொல்லாமல் ஒருவர் குடித்தால் அதற்கு என்ன பெயர்? நீ இருந்தால் உடனே சொல்லியிருப்பாய், நான் மறுத்திருப்பேன். வாய் திறந்து சொல்லாதது காதல் இல்லை என்று வாதாடியவள் நான். இப்போது எந்தப் பக்கம் நிற்பது என்றே எனக்குத் தெரியவில்லை. நீ காய்ச்சலாய்க் கிடந்த அந்தக் கிழமை நான் உனக்கு ஒரு போன் கூட எடுக்கவில்லை என்பதை எந்தப் பக்கத்தில் வைப்பது?

அன்று புறப்படும்போது, இதை எழுதலாமா என்று கேதீஸ் அண்ணையிடம் கேட்டேன். நாலு பேர் வாசிப்பார்கள் என்றும் சொன்னேன். "எழுதும். ஆனால் என்ரை பேரிலை எழுதாதேயும்" என்றார். மதுரா சிரித்தாள். அவளுக்கு உன் சிரிப்பு, வாயைப் பொத்திக்கொண்டு.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேள். உன் மகள் இனியும் கேட்பாள், வளர வளரப் பெரிய கேள்விகளாகக் கேட்பாள். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாத இடத்தில் அழகாக ஒன்றையும் இட்டு நிரப்பமாட்டேன். தெரியாது மகள், வா, அப்பாவிடம் கேட்போம் என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன்.

மகன் சிணுங்குகிறான். நெற்றி குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, பயப்படாதே.

உன் மதுராவின் சின்னம்மா,
வதனி